சாவி திருப்பியதும் எரிபவை

சிங்கப்பூரில் புக்கிட் தீமாவிலிருந்து வடக்கே புக்கிட் பாஞ்சாங்கை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் ஃபோர்டு தொழிற்சாலைக் கட்டடத்தை, 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமாஷிதாவிடம் சரணடைந்த ஸ்தலமாகவே நாம் அறிந்திருக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று காட்டுவதும் அந்தக் காரணத்தினால்தான். ஆனால் அந்தச் சரணாகதிக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1941 அக்டோபரில் கட்டி முடிக்கப்பட்டபோது, மோட்டார் வண்டிகளைப் பூட்டி உருவாக்குவதற்கென்று எழுந்த தொழிற்சாலை அது என்பதும், யுத்தம் ஓய்ந்த பின் 1947 முதல் 1980 வரை அதே கூரையின் கீழ் மறுபடியும் வண்டிகள் உருவாகி இதே சாலையில் இறங்கின என்பதும் நம்மில் பலருக்கு ஞாபகத்தில் இல்லை.

அந்தத் தொழிற்சாலை எழுந்த காலத்து வண்டிகளில், ஓட்டுபவரின் முன்னால் இருந்த பலகையில் பெரும்பாலும் முள் காட்டும் மானிகளே இருந்தன. என்ஜின் ஆயிலின் அழுத்தம் எவ்வளவு, பாட்டரிக்குள் மின்சாரம் போகிறதா அல்லது அதிலிருந்து வெளியேறுகிறதா, தண்ணீரின் உஷ்ணம் எந்த மட்டத்தில் இருக்கிறது, தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு என்பதையெல்லாம் அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. கேட்பதற்கு மனம் உள்ள சாரதி கேட்டுக்கொண்டான். 1930-களிலேயே அமெரிக்காவில் ஹட்சன் நிறுவனத்தார் ஆயில் அழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் மானிகளை எடுத்துவிட்டுச் சிறு விளக்குகளை வைத்தார்கள். பிறகு மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. செலவு குறைவு என்பது ஒரு காரணம். முள்ளைப் பார்த்துப் பொருள் கொள்ளும் பொறுமை பெரும்பாலோருக்கு இல்லை என்பது மற்றொரு காரணம், அதுவே வலுவான காரணமும்கூட. இந்த மாறுதலைக் குறித்து நான் வருந்துகிறவன் அல்லன். ஆனால் முள் படிப்படியாக இறங்குவதைக் கண்டு முன்கூட்டியே ஊகிக்க முடிந்த ஒன்றை, விளக்கு எல்லை கடந்த அந்தக் கணத்தில்தான் சொல்கிறது. அதுவும் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது. அந்த ஒரு செய்தி எது, அது எங்கிருந்து வருகிறது என்னும் ஞானம் ஓட்டுபவரிடம் இல்லாவிட்டால் விளக்கு எரிந்தும் பயனில்லை என்பதே என் கட்சி.

புக்கிட் பாஞ்சாங்கின் ஃபாஜார், ஜெலாப்பாங், பங்கிட் வட்டாரங்களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களுக்குள் விடியற்காலையில் நுழைந்தால், வேலைக்குப் புறப்படுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வண்டிகளை எழுப்பிக்கொண்டிருப்பார்கள். சாவியைத் திருப்பியதுமே என்ஜினைக் கிளப்பிவிடாமல், ஒரு மூன்று நான்கு விநாடி நிதானித்துப் பலகையைப் பார்ப்பவர் மிகச் சிலர். அந்த விநாடிகளில் நடப்பது ஒரு வகுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பதைப் போன்றது: சிவப்பும் மஞ்சளுமாக அத்தனை விளக்குகளும் ஒருசேர எரிந்து, தாம் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கின்றன. ஏபிஎஸ் பிரேக்கின் விளக்கும் காற்றுப் பையின் விளக்கும், தத்தம் கட்டுப்பாட்டுக் கருவிகள் தம்மைத் தாமே பரிசோதித்து முடித்த பின் அணைகின்றன. ஆயில் விளக்கும் பாட்டரி விளக்கும் என்ஜின் ஓடத் தொடங்கும்வரை அணைவதில்லை. இந்தப் பதிவில் குரல் கொடுக்காத விளக்கே மிகவும் சந்தேகத்திற்குரியது. பல்பு போயிருக்கலாம், அதைவிட மோசமாக, யாரோ அதை வேண்டுமென்றே பிடுங்கியிருக்கலாம்.

இந்தச் சந்தேகத்திற்கு நம் ஊரில் விசேஷமான இடம் உண்டு. 1990 மே மாதத்தில் வாகனப் பங்கீட்டு முறை வந்ததிலிருந்து, சிஓஇ என்னும் உரிமைச் சான்றிதழின் பத்தாண்டு ஆயுளைக்கொண்டே இங்கே ஒரு வண்டியின் ஆயுளும் கணக்கிடப்படுகிறது. எஞ்சிய ஆண்டுகளை எண்ணி விலை பேசும் பழைய வண்டிச் சந்தை அதனாலேயே இவ்வளவு செழித்திருக்கிறது. வர்ணமும் இருக்கை உறையும் பார்த்து வாங்குகிறவர்கள், முதலில் சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, காற்றுப் பையின் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்ப்பது நலம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் புதுமாதிரி வண்டிகளாயின், பலவற்றில் பிரேக்கை மிதிக்காமலே பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அதே காட்சி கிடைக்கும்.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு நிறுத்தச் சொல்கிறது. மஞ்சள் விரைவில் கவனிக்கச் சொல்கிறது. பச்சையும் நீலமும் இன்னது இயங்குகிறது என்று அறிவிப்பதோடு சரி. சின்னங்களும் சர்வதேச நியமப்படி வகுக்கப்பட்டவை; ஆகையால் ஜப்பானிய வண்டியிலும் ஜெர்மானிய வண்டியிலும் எண்ணெய்க் கிண்டியின் உருவம் ஒன்றையே குறிக்கிறது.

ஆயில் அழுத்தம் குறைந்ததைச் சொல்லும் அந்த எண்ணெய்க் கிண்டியைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டும். என்ஜினின் பக்கவாட்டில், கட்டை விரல் பருமனில், மரைபோட்டுத் திருகிய ஒரு சிறு உலோக உறுப்பு இருக்கிறது. அதன் தலையில் ஒரே ஒரு கம்பி வந்து சேர்கிறது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வும், ஒரு சுருள்வில்லும், ஒரு ஜோடித் தொடுமுனைகளும் தவிர வேறொன்றுமில்லை. வில்லின் தள்ளுதலால் தொடுமுனைகள் சாதாரணமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன; எனவே சாவியைத் திருப்பியதும் பாட்டரியின் மின்சாரம் விளக்கின் வழியாக வந்து, இந்தத் தொடுமுனைகளைக் கடந்து, என்ஜினின் இரும்புடலுக்குள் இறங்கிச் சுற்றை முடித்துக்கொள்ள, விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடத் தொடங்கி ஆயில் பம்பு அழுத்தத்தை எழுப்பியதும், அந்த அழுத்தம் சவ்வை உந்தித் தொடுமுனைகளைப் பிரித்துவிடுகிறது, விளக்கு அணைகிறது. அதாவது எரிவதே இந்த விளக்கின் இயல்பு. நாம் பிரயாணம் செய்யும் நேரமெல்லாம் அதை அணைத்து வைத்திருப்பது ஆயிலின் இடையறாத உந்துதல் ஒன்றே.

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. சவ்வைத் தள்ளுவதற்கு வேண்டிய அழுத்தம் மிகச் சொற்பம். பெரும்பாலான வண்டிகளில் சதுர அங்குலத்திற்கு ஐந்து முதல் ஏழு பவுண்டு வரைதான். விரைவுச்சாலையில் ஓடும் என்ஜினுக்கோ அதைப்போல் பல மடங்கு அழுத்தம் வேண்டும். சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் மயிரிழையினும் மெல்லிய ஆயில் படலம் ஒன்று நிலைத்து நிற்கும்படி ஆயில் இடையறாமல் போய்ச் சேர்வது அந்த அழுத்தத்தினால்தான். ஆகவே புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கையில் இந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், அபாயம் வரப்போகிறது என்று பொருளல்ல; அபாயம் வந்து சில கணங்கள் ஆகிவிட்டன என்று பொருள். அடுத்த வெளிவழி வரட்டும், வீடு இதோ வந்துவிட்டது என்று எண்ணுகிறவர் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். என்ஜின் போய்ச் சேராது. சாலையோரத்தில் ஒதுக்கி அப்பொழுதே என்ஜினை நிறுத்துவது ஒன்றே வழி.

வளைவில் திரும்பும்போது மட்டும் அந்த விளக்கு ஒருமுறை மினுக்கி மறைந்தால், அடிக்கலத்தில் ஆயில் குறைந்துபோய், வண்டி சாய்கையில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆயிலின் அளவைக் காட்டுவதற்கென்று இந்த விளக்கு ஏற்பட்டதல்ல. அளவை அறிய வேண்டியவர்கள் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். அந்தச் சிறு உறுப்பே பழுதாகிப் பொய்யாக எரிவதும் உண்டு. அதனால்தான் அனுபவமுள்ள ஃபோர்மேன் என்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் அந்த உறுப்பைக் கழற்றிவிட்டு, அதே துவாரத்தில் ஒரு முள் மானியைத் திருகி, அழுத்தத்தைத் தம் கண்ணால் பார்க்கிறார். ஹட்சன் காலத்தில் பலகையிலிருந்து விடைபெற்ற மானி, சந்தேகம் வந்த நேரத்தில் இன்னும் அழைக்கப்படுகிறது.

பாட்டரி விளக்கு இதைவிட நுட்பமானது. பழைய அமைப்பில், அதன் ஒரு முனை சாவி வழியாகப் பாட்டரியோடும் மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருந்தது. என்ஜின் ஓடாதபோது ஆல்டர்னேட்டரின் பக்கம் மின்னழுத்தம் இல்லை. பாட்டரியின் மின்சாரம் விளக்கின் வழியே பாய்கிறது, விளக்கு எரிகிறது. என்ஜின் ஓடி, ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ பதினான்கு வோல்ட் உற்பத்தி செய்யத் தொடங்கியதும், இரு பக்கமும் சமமாகிவிடுகிறது. சமமான இரு முனைகளுக்கிடையே ஓட்டம் ஏது? விளக்கு தானே அணைந்துபோகிறது. யாரும் அதை அணைப்பதில்லை என்பதுதான் இதன் அழகு. அதோடு, அந்த விளக்கின் வழியாகச் செல்லும் அற்ப மின்சாரமே ஆல்டர்னேட்டரின் சுருளுக்கு முதல் காந்த சக்தியைக் கொடுத்து அதை எழுப்பியது. பல்பு போய்விட்டால் சில வண்டிகளில் பாட்டரி சார்ஜ் ஆகாமலே போனதும் உண்டு. எச்சரிப்பதற்காக வைத்த ஒன்று, தான் கண்காணிக்கும் காரியத்திற்கே ஆரம்பமாகவும் இருந்ததை எண்ணும்போது அந்தக் காலத்து யந்திர நிபுணர்களின் சிக்கன புத்தியை வியக்காமல் இருக்க முடியவில்லை. இக்காலத்து வண்டிகளில் இதைக் கணினிச் சில்லு பார்த்துக்கொள்கிறது.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து உட்லண்ட்ஸ் சாலை வழியாகவோ விரைவுச்சாலை வழியாகவோ வடக்கே போனால் ஜோகூர்க் கடற்பாலம். பள்ளி விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும் அங்கே வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்பது எல்லோரும் அறிந்ததே. உஷ்ண விளக்குக்கு வேலை வருவதும் அங்கேதான். ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும் வண்டிக்கு மின்விசிறி ஒன்றுதான் கதி. விசிறி சுழலாவிட்டால், சுமார் தொண்ணூறு டிகிரியில் இருந்த தண்ணீர் மளமளவென்று ஏறி, சிவப்பு விளக்கு எரிந்துவிடும். ஏசியை நிறுத்தி, வண்டியை ஒதுக்கி, என்ஜினை அணைத்து ஆறவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் அத்தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கி, அது கொதித்து ஆவியோடு சீறி முகத்தில் அடிக்கும்.

அதே கடற்பாலத்தில் பலகையின் இன்னொரு மானிக்குச் சட்டமே காவல் நிற்கிறது. சிங்கப்பூரில் பதிவான கார்கள் முக்கால் தொட்டிக்குக் குறையாத பெட்ரோலோடுதான் வெளியேற வேண்டும் என்பது 1991 முதல் நடைமுறையில் இருக்கும் விதி; அதற்கு முன் 1989-இல் அது அரைத் தொட்டியாக இருந்தது. பெட்ரோலில் மிதக்கும் ஒரு மிதவையும், அதன் கையோடு நகரும் ஒரு மின்தடையும் சேர்ந்து நகர்த்தும் முள்ளை, அதிகாரி ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஒருவர் எல்லையைக் கடக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறார். அந்த முள்ளைப் பொய் சொல்ல வைக்க முயன்றவர்களும் உண்டு. மானியைத் திரிப்பது தண்டனைக்குரிய குற்றம். பெட்ரோல் தீரும்போது எரியும் மஞ்சள் விளக்கோ, பழைய வண்டிகள் பலவற்றில், இந்த முள்ளை நம்பி இருக்கவில்லை. தொட்டியின் அடியில் உஷ்ணத்தை உணரும் ஒரு தெர்மிஸ்டர் மூழ்கிக் கிடக்கும். பெட்ரோல் சூழ்ந்திருக்கும்வரை அது குளிர்ந்தே இருக்கும். மட்டம் இறங்கி அது வெளிப்பட்டதும், தன்னுள் ஓடும் மின்சாரத்தாலேயே சூடேறி, தடை குறைந்து, விளக்கை எரியவிடும்.

பிரேக் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிரேக்கை விடுவித்த பின்னும் அந்தச் சிவப்பு அணையாவிட்டால், பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டம் குறைந்திருக்கலாம். பட்டைகள் தேயத் தேய எண்ணெய் சக்கரங்களின் பக்கம் நகர்ந்து கிண்ணம் தாழ்வது இயல்புதான், கசிவினாலும் தாழும். எது என்று பார்க்காமல் எண்ணெயை ஊற்றி நிரப்பி விளக்கை மறையச் செய்வது, பெரிய தவறு.

இனி எல்லோரையும் அலைக்கழிக்கும் அந்த மஞ்சள் என்ஜின் உருவத்திற்கு வருவோம். 1988-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1996-இல் அமெரிக்கா முழுவதற்கும், 2001-இல் ஐரோப்பியப் பெட்ரோல் கார்களுக்கும் கட்டாயமான, வண்டி தன்னைத் தானே பரிசோதித்துக்கொள்ளும் ஓபிடி முறையின் முகம் அது. சிவப்பு விளக்குகள் பெரும்பாலும் என்ஜினையும் பிரயாணிகளையும் காப்பதற்காக ஏற்பட்டவை. இதுவோ வெளியிலிருக்கும் காற்றைக் காப்பதற்காக ஏற்பட்டது. புகைக்குழாயில் பிராணவாயுவின் அளவைப் பார்க்கும் உணரி முதல் ஒவ்வொரு சிலிண்டரும் சரியாக வெடிக்கிறதா என்பது வரை, பல விஷயங்களைக் கணினி இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பல குறைகளை ஒரே ஒரு முறை கண்டதும் அது விளக்கை ஏற்றிவிடுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தென்பட்டால்தான் ஏற்றுகிறது. இவ்வளவு நிதானமாக முடிவெடுக்கும் ஒன்றை, சும்மா எரிகிறது என்று நாம் தள்ளிவிடுவது எவ்வளவு அநியாயம்! அந்த விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் மட்டும் தாமதம் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியேறி, புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது. விலையுயர்ந்த அவ்வுறுப்பு உருகிப்போக நெடுநேரம் ஆகாது.

பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு குறியீடு வரும். பி0420 என்று வந்தால் கன்வெர்ட்டரின் திறன் போதவில்லை என்று பொருள். உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழுதான உணரியும் புகைக்குழாயில் ஒரு சிறு ஓட்டையும்கூட அதே குறியீட்டைக் கொண்டுவரும். குறியீடு விசாரணையைத் தொடங்க வேண்டிய இடத்தைக் காட்டுகிறது, குற்றவாளியைக் காட்டுவதில்லை. ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தி அதை அழித்துவிடவும் முடியும். அப்படி அழித்து அனுப்பிய வண்டி சில நாளில் அதே விளக்கோடு திரும்பி வரும்.

புக்கிட் பாஞ்சாங்கில் ஓட்டுநரே இல்லாத வாகனமும் ஓடுகிறது. 1999 நவம்பர் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட எல்ஆர்டி, சிங்கப்பூரின் முதல் இலகு ரயில். ரப்பர்ச் சக்கரங்களோடு, வீடுகளின் அருகே வந்ததும் தாமே மங்கி உள்ளிருப்பதை மறைத்துக்கொள்ளும் ஜன்னல்களோடு, பெட்டிர், பெண்டிங், செகார், செஞ்சா என்று பேட்டையைச் சுற்றி வருகிறது. அதில் ஒரு பழுது நேர்ந்தால் யாருடைய கண்முன் விளக்கு எரியும்? பெட்டிக்குள் நிற்பவர் முன் அல்ல, தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையில், அதற்கென்றே பயிற்சி பெற்றுச் சம்பளம் வாங்கி உட்கார்ந்திருப்பவர் முன். பல ஆண்டுகள் அடிக்கடி நின்று இவ்வட்டாரத்தாரைச் சோதித்த ரயில்தான் அது. பிறகு புதுப்பிக்கும் பணிகளும் நடந்தன. ஆனால் அங்கே எச்சரிக்கையைப் படிப்பது ஒரு தொழில் என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. காரிலும் லாரியிலும் அதே தொழிலை ஓட்டுபவர் தலையில் சுமத்தியிருக்கிறோம், கற்றுக்கொடுத்தோமா?

லாரிகளை எண்ணியே இதைக் கேட்கிறேன். கிராஞ்சியையும் சுங்கை காடுட்டையும் சுற்றியுள்ள விடுதிகளிலிருந்து காலையில் புறப்படும் லாரிகளின் பின்பக்கத்தில் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து போகிறார்கள். ஓட்டுபவரும் பல சமயம் அவர்களில் ஒருவரே, புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்தவர், பகலில் மண்வெட்டியும் காலை மாலையில் ஸ்டியரிங்கும் பிடிப்பவர். பட்டறையில் அத்தகைய ஒருவர், “அண்ணே, வண்டி நல்லாத்தான் ஓடுது, இந்த ஆரஞ்சு லைட்டு மட்டும் அணையவே மாட்டேங்குது, அதை மட்டும் எடுத்து விட்டுருங்க” என்பார், “லைட்டை எடுத்துடலாம் தம்பி, உள்ள இருக்கிறது போகுமா?” என்று பதில் வரும். அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டியின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுவும் முதலாளியின் அலுவலகத்தில் இருக்கிறது. தாமதமாகப் போனால் வசவு. வண்டியை வழியில் நிறுத்தினால் அதைவிட அதிக வசவு.

டீசல் லாரியின் பலகையிலோ கார்க்காரர் காணாத விளக்குகளும் உண்டு. புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி நிரம்பினால் ஒன்று. அடிக்கடி நின்று நின்று குறுந்தூரம் ஓடும் வண்டியில் அது சீக்கிரம் நிரம்பும், சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட்டினால் உஷ்ணத்தில் தானே எரிந்து சுத்தமாகும். டீசலில் தண்ணீர் கலந்தால் ஒன்று. வடிகட்டியின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி வடித்துவிட்டால் தீர்ந்தது, விட்டுவிட்டால் டீசலைப் பீய்ச்சும் ஊசிமுனைத் துவாரங்கள் துருவேறிப் போகும். பெரிய லாரிகளில் பிரேக்குக்கான காற்றழுத்தம் குறைந்தால் ஒரு சிவப்பு விளக்கும் கூடவே ஓர் ஓசையும். அது அடங்கும்வரை வண்டியை ஓர் அடியும் நகர்த்தலாகாது.

எழுத்தறிந்த எவருக்கும் ஒரு மணி நேரத்தில் இவற்றைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். லாரி வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அந்த வண்டியின் பலகையிலுள்ள சின்னங்களை அப்படியே வரைந்து, எதிரே தமிழிலும் வங்காளத்திலும் இரண்டிரண்டு வரி எழுதி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டி வைக்கட்டும்: ஆயிலுக்கும் உஷ்ணத்துக்கும் பிரேக்குக்கும் சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து என்றும், பாட்டரிக்கு எரிந்தால் அவசியமில்லாத மின்கருவிகளை அணைத்துவிட்டு அருகிலுள்ள பட்டறைக்குப் போ என்றும், மஞ்சள் எரிந்தால் அன்றைக்கே சொல் என்றும். கடைசி வரியில் மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணும், சிவப்பு எரிந்து வண்டியை நிறுத்தியதற்காக யாருடைய சம்பளமும் பிடிக்கப்படாது என்ற உறுதிமொழியும், அதன் கீழே முதலாளியின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.